அலுவிகாரையில் ஒரு துக்க வீடு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கண்டியில் மாத்தளை பஸ் ஏறினேன். இருபத்தாறு கிலோமீற்றர் தூரம்தான். அக்குறணை நெரிசலில் மாட்டி ஒன்றரை மணி நேரமாயிற்று. சீகிரியா காட்டுவதற்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இதே வழியில் பலமுறை போயிருக்கிறேன். அன்று போனது துக்கம் விசாரிக்க. என் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் யோகநாதனின் மனைவி சாந்தி, முந்தின வாரம் வீட்டுக்கு முன்னால் வீதியைக் கடக்கும்போது மரக்கறி லொறி மோதி இறந்துபோனார். இறுதிச் சடங்கன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன்.

மாத்தளையிலிருந்து அலுவிகாரைக்கு ஓட்டோவில் நானூறு ரூபாய். யார் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதும் ஓட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். "லொறிக்காரன் நாவுல ஊர் ஆளாம். ரிமாண்ட்ல வெச்சிரிக்காங்க" என்றார். புத்தரின் போதனைகளை முதன்முதலாக ஏட்டில் எழுதியதாகச் சொல்லும் குகை விகாரையைத் தாண்டியதும் வீடு வந்துவிட்டது.

நான் தமிழாசிரியன். திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் பழைய நூல்களிலிருந்து ஒரு நல்ல கருத்தை எடுத்துப் பேசுவது என் பொறுப்பு. ஆறுதல் சொல்ல வார்த்தைகள் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். விளக்கேற்றி வைத்த சாந்தியின் படத்துக்குப் பக்கத்தில் யோகநாதனைப் பார்த்ததும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பதினொரு மணியளவில் வாசல் கேற்றடியில் சத்தம் கேட்டது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்களப் பெண் நின்றிருந்தார். லொறிச் சாரதியின் மனைவி. நாவுலயிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறார். சாந்தியின் தம்பி வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"கேஸ வாபஸ் வாங்கச் சொல்லத்தான் வந்திருக்கா. உள்ள விடாதீங்க மச்சான்."

யோகநாதன் என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே கேட்டார்: "சேர், காலைக் கூட்டத்துல பொறுமையப் பத்தி எவ்வளவோ பேசியிருக்கீங்க. இப்ப நான் என்னா செய்யணும்?"

தனக்குத் தீங்கு செய்தவரையும் பொறுத்துக்கொள்வதே பெரிய குணம் என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். மனைவியைப் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

"தெரியல யோகநாதன். பிள்ளைங்களுக்குச் சொல்றது வேற. உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

யோகநாதன் எழுந்தார். "மன்னிக்க என்னால முடியாது சேர். ஆனா வெயில்ல நிக்க வைக்க மாட்டேன்" என்றார்.

கேற்றுவரை போய், சிங்களத்தில் அந்தப் பெண்ணை உள்ளே வரச் சொன்னார். உள்ளே வந்ததும் தானே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார். மைத்துனர் பின்கதவு வழியாக வெளியேறினார். அந்தப் பெண் இருக்கும்வரை அவர் திரும்பி வரவில்லை.

வழக்கைப் பற்றிப் பேச வரவில்லை என்று அந்தப் பெண் தலை குனிந்தபடி சொன்னார். தான் இங்கே வந்தது கணவருக்கே தெரியாதாம். இறந்தவரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை, பார்க்காமல் இருக்க முடியவில்லை என்றார். பிறகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து பிளேன்டீ வந்தது. யோகநாதன் ஒரு கோப்பையை எடுத்து அவரிடம் நீட்டினார். பாதித் தேநீர் சோசரில் கொட்டியது. இருவருமே அதைக் கவனிக்காதவர்கள்போல இருந்தார்கள்.

பகல் ஒரு மணிக்கு விடைபெற்று பஸ் தரிப்பிடத்துக்கு வந்தேன். சற்றுமுன் கிளம்பிய அந்தப் பெண் வீதிக்கு எதிர்ப்புறத்தில் நாவுல பஸ்ஸுக்காக நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டு, வாகனங்கள் குறைந்த நேரம் பார்த்து இந்தப் பக்கம் வந்தார். நான் யார் என்று கேட்கவில்லை.

அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் வந்ததாகச் சிங்களத்தில் சொன்னார். அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொண்டு வந்தாராம். "தேத்தண்ணி தந்தாங்க. அதுக்கு நான் தயாராயிருக்கல" என்று, எனக்காகத்தானோ என்னவோ, தடுமாறித் தமிழில் சொன்னார்.

அவருடைய பஸ் தூரத்தில் வந்தது. வீதியைக் கடக்கப் போனவர், ஒரு லொறி வருவதைக் கண்டதும் விளிம்பிலேயே நின்றுவிட்டார். நான் கையைக் காட்டி வாகனங்களை நிறுத்தி, அவரோடு மறுபக்கம்வரை நடந்தேன்.