நான் குற்றவாளிதான் என்று நிரூபித்த கதை

இருபத்தொரு வயதில், மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலைநிறுத்தம் நடந்தபோது, ஆபீஸை நோக்கி ஒரு கல் எறிந்தேன். ஜன்னலுக்குக் குறிவைத்த கல் கணக்கப்பிள்ளையின் நெற்றியில் பட்டது. ஆறு தையல். கண்டி நீதிமன்றத்தில் நான் எறியவே இல்லை என்று சாதித்தேன். நீதவான் நம்பவில்லை. மூன்று மாதம் உள்ளே இருந்தேன். அப்போது எனக்குப் பிரஜாவுரிமையும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. என்னைத் தன் ஆளென்று ஒப்புக்கொள்ளாத நாடு, சிறையில் பாய் விரிக்க மட்டும் தாராளமாக இடம் கொடுத்தது.

பிறகு படித்தேன். பிரஜாவுரிமை கிடைத்தது. கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளரானேன். நாற்பது வயதில் இரகசியக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவுக்கு மாற்றம் வந்தது. அதற்குப் பாதுகாப்பு அனுமதி தேவை. எப்போதாவது நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று படிவம் கேட்டது.

"இல்லைன்னு போடுங்க," என்றாள் மனைவி. "எந்தக் காலத்துக் கதை. யாரு தேடப் போறாங்க?"

தேடுவார்கள் என்ற பயத்தில்தான் 'ஆம்' என்று எழுதினேன். அதற்கு நேர்மை என்று பிறகு பெயர் வைத்துக்கொண்டேன்.

தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் மரியாதையாகவே விளக்கினார். அடையாள அட்டை இலக்கத்தின்படி என் பதிவு சுத்தமாக இருக்கிறதாம். படிவத்தில் தவறான தகவல் கொடுத்தவருக்கு அனுமதி வழங்க முடியாதாம்.

"நான் குற்றம் செய்தது உண்மை, சேர்," என்றேன்.

"அப்படியென்றால் அத்தாட்சி கொண்டு வாருங்கள்."

நீதிமன்றப் பதிவறையில் அந்த வருடத்துப் புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது. மிஞ்சியிருந்த ஒரே அத்தாட்சி கணக்கப்பிள்ளையின் நெற்றிதான். அவர் ஓய்வுபெற்றுக் கலகெதரவில் மகளோடு இருப்பதாக அறிந்து, குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார். வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"கல்ல எறிஞ்சது நீதான்னு நான் எழுதிக் குடுக்கணுமா? அன்னைக்கு கோர்ட்டுல சாமி மேல சத்தியம் பண்ணி இல்லைன்னியேப்பா."

"ஆமாங்க ஐயா."

"மொதல்ல என்கிட்ட சொல்லு. எறிஞ்சியா?"

"எறிஞ்சேங்க. ஜன்னலத்தான் பாத்து எறிஞ்சேன். அன்னைக்கே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும்."

அவர் தழும்பைத் தடவிக்கொண்டார். "நீ உள்ள இருந்த மூணு மாசமும் ஒங்கம்மா என் கண்ணுல படாம ஒதுங்கி ஒதுங்கிப் போச்சு. அதுகிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

கேட்டதில்லை. அம்மா போய் எட்டு வருடமாகியிருந்தது. அவர் மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசியில் கையெழுத்திட்டார். கல்லை எறிந்தவன் நான்தான், அதற்காக மூன்று மாதம் சிறையில் இருந்தேன், இப்போது என்மேல் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அதில் இருந்தது. அதிகாரி அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, பெரியவர் சுகமாக இருக்கிறாரா என்று விசாரித்தார்.

இரண்டு மாதத்தில் அனுமதி வந்தது. என்னைப் பற்றிப் பாதகமான தகவல் எதுவும் இல்லை என்று கடிதம் சொன்னது. புதிய பிரிவில் ஒரு மேசையும் பூட்டுள்ள இரும்பு அலுமாரியும் கொடுத்தார்கள். முதல் வாரம் இரகசியம் எதுவும் வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டை உள்ளே வைத்துப் பூட்டினேன்.