பதினெட்டாம் வளைவில் கால் ஊன்றியது

1977, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தேகாலுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் என் வீட்டு வாசலிலிருந்து சைக்கிளை எடுத்தேன். போகவேண்டிய ஊர் இஸ்தான்புல். அன்றைக்குப் போனது ஏற்காடு வரைக்கும்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பதினோரு வருஷமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டிய லாகூரையும் காபூலையும் தெஹ்ரானையும் தனியாகச் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. அட்லஸில் நூலை வைத்து அளந்து, நாளைக்கு எண்பது கிலோமீட்டர் என்று பிரித்துப் போட்டு, இரண்டு நோட்டுகள் நிரம்பிவிட்டன. என் மனைவி மரகதம் போங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் சோறு போடும்போது, "அங்கெல்லாம் பெரிய பெரிய மலையா இருக்குதுங்கறீங்க. நம்ம ஏற்காட்டு மலைய மிதிச்சு ஏறுவீங்களா?" என்றாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முழுச் சுமையோடு அடிவாரத்திலிருந்து ஏற்காட்டு ஏரி வரை கால் தரையில் படாமல் ஏறிக்காட்டுகிறேன், ஒரு தடவை ஊன்றினாலும் இந்தப் பேச்சையே விட்டுவிடுகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "சரிங்க" என்றாள், கொஞ்சம் சீக்கிரமாகவே.

அடிவாரம் சேர்ந்தபோது மணி ஆறு. வீட்டிலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர். கூடாரத்துக்கும் ஸ்டவ்வுக்கும் பதிலாகக் கேரியரில் பதினெட்டுக் கிலோ அரிசி கட்டியிருந்தேன். அதை அளந்து கட்டியவள் மரகதம். இரண்டு படி கூடுதலாகவே போட்டிருப்பாள் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். டீ முப்பது பைசா. கடைக்காரர் என் மூட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, சைக்கிளத் தூக்கி பஸ்ஸு மேல போட்டுட்டுப் போலாமுங்களே? எல்லாரும் போறப்ப பஸ்ல போவாங்க, வாரப்பத்தான் சைக்கிள்ல வருவாங்க."

"பயிற்சிங்க" என்றேன்.

"நெஞ்சு வலிக்கறதுக்குங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் கிளாஸ் கழுவப் போய்விட்டார்.

ஆறேகாலுக்கு ஏற ஆரம்பித்தேன். முதல் ஐந்து கொண்டை ஊசி வளைவுகள் வீறாப்பில் போயின. பத்தாவதுக்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பக்கச்சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்த குரங்குகள் என்னை முந்திப்போய் அடுத்த வளைவில் காத்திருந்தன. பதினான்குக்கு மேல் காற்று குளிர்ந்தது. முந்தின வாரம் மழை பெய்திருந்ததால் எஸ்டேட்டுகளில் காப்பி பூத்திருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் செடியெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த வாசம் எங்காவது வந்தால் என் தொடைகள் வலிக்கின்றன.

மணி எட்டு ஐம்பது. பதினெட்டாம் வளைவில் பாதி திரும்பியபோது மேலேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. சேலம் கடைவீதியில் பஸ் வந்தால் சைக்கிள்காரன் என்ன செய்வான்? ஓரம் கட்டுவான். யோசிக்கவே இல்லை. ஓரம் கட்டி, இடது காலை ஊன்றி நின்றேன்.

பஸ் வரவில்லை. வளைவுக்கு மேலே அது ஏற்கெனவே நின்றிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க, எதுக்குங்க நின்னீங்க? மலைல ஏறி வர்ற வண்டிக்கு எறங்கற வண்டிதானுங்க நின்னு வழி உடோணும்."

"சைக்கிளுக்குமா?"

"மாட்டு வண்டியா இருந்தாலுந்தானுங்க. ஏறறவன் ஒருக்கா நின்னுட்டா மறுக்கா எடுக்கறது நொம்ப செரமமுங்களே."

ஜன்னலோரம் ஆரஞ்சுக் கூடையோடு இருந்த மஞ்சக்குட்டை மலைக்கிராமத்து அம்மாள் ஒருத்தி, "பாவம், தெரியாம நின்னுருச்சு சாமி" என்று எனக்குப் பரிந்து பேசினாள். நான் என் காலைப் பார்த்தபடி நின்றேன். இரண்டு வருஷத் திட்டம், இரண்டு நோட்டு, எல்லாம் அந்த ஒரு பாதத்துக்கு அடியில் போய்விட்டது.

மிச்சத்தை ஏறி முடித்து, ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் இட்லி தின்றேன். ஊன்றவில்லை என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அடிவாரம் வரை கூடவே இறங்கி வந்தது. வீட்டுக்குப் போனதும், "ஊனிட்டேன்" என்றேன். நடந்ததையும் சொன்னேன்.

மரகதத்தால் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. அட்லஸை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள், சாயங்காலம் பணியாரம் சுட்டாள். நான் வாக்குக் கொடுத்தபடி இஸ்தான்புல் பேச்சையே எடுக்கவில்லை. பள்ளிக்குப் போனேன், வந்தேன். வெள்ளிக்கிழமை அவளே பெட்டியைத் திறந்து அட்லஸை எடுத்து என் முன்னால் போட்டாள்.

"ஊடு ஊடாத்தான் இருக்குது. நீங்கதான் ஊட்டுல இல்லீங்க. முடியாம நின்னிருந்தா சரி, தெரியாமத்தான நின்னீங்க? ஞாயித்துக்கிழமை மறுக்கா ஏறுங்க. நானும் பஸ்ல வாரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே அரிசிதான். அவள் முதல் பஸ்ஸில் முன்னால் போய்ப் பதினெட்டாம் வளைவில் இறங்கிக்கொண்டாள். ஒன்பது மணி வாக்கில் நான் அங்கே வந்தபோது மேலே பஸ் நின்றிருந்தது. எப்படியும் நிற்கப்போகிற பஸ்தான். ஆனாலும் மரகதம் அதன் முன்னால் நடுரோட்டில் நின்று ஒரு கையைத் தூக்கி மறித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் முந்தானை. அழுதுகொண்டிருந்தாள்.

என் கால் பெடலிலிருந்து எழும்பிவிட்டது. அவள் கத்தினாள்: "நிக்காதீங்க! ஏறிப் போங்க!"

போனேன். அவளைத் தாண்டி, பஸ்ஸைத் தாண்டி, பத்தொன்பது, இருபது என்று ஏறி, ஏரிக்கரையில்தான் காலை ஊன்றினேன். முக்கால் மணி கழித்து ஒரு ஜீப்பில் வந்து இறங்கினாள். முகம் கழுவியிருந்தாள். "எப்பங்க கெளம்பறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூனில் கிளம்பினேன். இஸ்தான்புல் வரை போய், எட்டு மாதம் கழித்துத் திரும்பினேன். வழியில் ஏற்காட்டைவிடப் பல மடங்கு உயரமான கணவாய்கள் வந்தன. இறங்கி வந்த லாரிகளில் ஒன்றுகூட எனக்காக நிற்கவில்லை. நானும் எங்கே வேண்டுமானாலும் தாராளமாகக் கால் ஊன்றினேன். பந்தயம் ஏரிக்கரையோடு முடிந்திருந்ததே. ஒவ்வொரு முறை ஊன்றும்போதும் மரகதம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வரும். அன்றைக்கு அவள் பக்கத்தில், அந்த ஒரு இடத்தில் ஊன்றியிருக்கலாம் என்று தோன்றும்.