ஒரு பச்சை குறையுது

வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவளாக நடிக்க என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு என் நடிப்புத் திறமைதான் காரணம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை என்னவென்றால், நாற்பது பேர் தேவைப்பட்டார்கள்; முப்பத்தொன்பது பேர்தான் கிடைத்திருந்தார்கள்.

தாம்பரத்துக்குத் தெற்கே, ஏரியைப் பார்த்த மாதிரி வீடு கட்டிக்கொண்ட ஊர் எங்களுடையது. மழை வந்தால் ஏரியே வீட்டைப் பார்க்க வந்துவிடும். அப்போது மாநகராட்சியெல்லாம் ஆகவில்லை, பேரூராட்சிதான். அதில் தலைமை எழுத்தராக இருந்தாள் என் அத்தை, அப்பாவின் அக்கா. மழைக்காலத்துக்கு முன்னால் வெள்ள மீட்பு ஒத்திகை ஒன்றை நடத்தும் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

தீயணைப்புக்காரர்கள் ஏரியிலிருந்து ஆட்களைக் கரையேற்ற வேண்டும். சுகாதாரத் துறை அவர்கள் கையில் ரிப்பன் கட்டி, ஆம்புலன்ஸிலோ பஸ்ஸிலோ ஏற்ற வேண்டும். வருவாய்த் துறை, பள்ளிக்கூடத்து முகாமில் இறங்குகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் நாற்பது பேரும் முகாமுக்கு வந்து சேர்ந்துவிட்டால், எங்கள் ஊருக்கென்றே ஒரு ரப்பர் படகு தருவதாக சப் கலெக்டர் சொல்லியிருந்தார். முந்தின மழையில் வெளியூர்ப் படகு வந்து சேருவதற்குள் ஒரு பகல் போயிருந்தது. அந்தப் படகுக்காக அத்தை ஒரு மாதம் யாரோடும் சிரித்துப் பேசவில்லை.

“நீ ஒண்ணும் பண்ண வேணாம். ஏத்துனா ஏறு, எறக்குனா எறங்கு. எதாவது அதிகப்பிரசங்கித்தனம் பண்ணே, தோலை உரிச்சிடுவேன்” என்றாள் என்னிடம். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வயதில் எனக்கு வேறு எந்தத் தனமும் கிடையாது.

கரையேறியதும் நர்ஸ் அக்கா என் கையில் பச்சை ரிப்பனைக் கட்டினார். “உனக்குச் சின்னக் காயம்தான் பாப்பா. நடந்தே போய் பஸ்ஸுல ஏறிக்கோ.”

நடந்தேவா? அத்தை மகனுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, சைரனோடு அழைத்துப் போனார்கள். அவனோ வாயைத் திறந்து முனகக்கூடத் தெரியாதவன். நான் இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் முனகிப் பழகியவள்.

மேஜையில் கருப்பு ரிப்பன் சுருள் ஒன்று அநாதையாகக் கிடந்தது. கராத்தே வகுப்புக்கு இரண்டு வருஷம் போயும் மஞ்சள் பெல்ட்டைத் தாண்டாத ஆள் நான். ஆனால் வரிசை மட்டும் அத்துப்படி. மஞ்சளுக்கு மேலே பச்சை, பச்சைக்கு எவ்வளவோ மேலே கருப்பு. மாஸ்டர் இடுப்பில் இருப்பதே கருப்புதான். அப்படியானால் கருப்பு கட்டியவருக்குப் பெரிய ஆம்புலன்ஸாகத்தான் வரும் என்று முடிவு கட்டி, பச்சையை அவிழ்த்து ஜட்டிக்குள் ஒளித்துவிட்டுக் கருப்பைக் கட்டிக்கொண்டு கரையில் படுத்தேன். பக்கத்தில் இன்னொரு கருப்பு. பேன்ட் சட்டை போட்ட வைக்கோல் பொம்மை. பொம்மைக்கே கொடுத்துவிட்டார்களே என்று கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஸ்ட்ரெச்சர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போயின. முனகலைக் கூட்டினேன். தீயணைப்பு அண்ணன் ஒருவர் குனிந்து பார்த்தார்.

“இன்னா பாப்பா, முனகிக்கினு கீற? நீ செத்துட்ட. கம்முனு படு.”

“செத்துட்டேனா?”

“கருப்புன்னா டெட்பாடி. போலீஸ் வந்து எழுதாம எவனும் தொட மாட்டான். போலீஸ் டிபன் சாப்ட்டுகினு கீது.”

எனக்குப் புல்லரித்துப் போனது. மொத்த ஒத்திகையிலும் சாகிற வேஷம் எனக்கு மட்டும்தான்! அந்த நொடியிலிருந்து ஒரு முனகல் வரவில்லை. மூக்கில் எறும்பு ஊர்ந்தபோதும் நான் பிணமாகவே இருந்தேன்.

அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை அத்தை மகன் பிறகு சொன்னான். “மேடம், ஒரு பச்சை குறையுது” என்றார் வருவாய்த் துறைக்காரர். நாற்பதையும் கரையிலேயே ஒப்படைத்தாயிற்று என்றது தீயணைப்பு. நாற்பதையும் ஏற்றிவிட்டதற்குக் கையெழுத்தே இருக்கிறது என்றது சுகாதாரம். அந்தக் கையெழுத்தைக் காலையில் டீ குடிக்கும்போதே போட்டு வைத்திருந்தார்கள். சப் கலெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தை வயர்லெஸ்ஸைப் பிடுங்கி, கரையில் என்ன மிச்சம் என்று கேட்டாள்.

“ரெண்டு கருப்பு மேடம்.”

“ரெண்டா? பொம்மை ஒண்ணுதானேய்யா!”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாளாம். சப் கலெக்டரும் பின்னாலேயே ஜீப்பில் வந்தார். அதற்குள் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது.

“படகு போச்சே மேடம்” என்றார் அவர்.

அத்தை என் கை ரிப்பனை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள். “போகட்டும் சார். ஆனா கருப்பு கட்டிட்டா அதுக்கப்புறம் ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ரெண்டு டிபார்ட்மென்ட் ஆளும் தாண்டிப் போயிருக்காங்க. இது மழையில தெரிஞ்சிருந்தா?”

அவர் ரிப்பனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கருப்பு கட்டியவர்களை இன்னொருவர் மறுபடி சோதிக்க வேண்டும் என்று எழுதவைத்தார். அடுத்த வாரம் படகு வந்தது. அதை வாங்கித் தந்தவள் நான்தான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அத்தை விட்ட அறையைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அறை விழுந்தது கடைசியில்தான். ஓடி வந்ததும் அவள் செய்தது வேறு. மண்ணில் மண்டியிட்டு, இரண்டு விரலை என் கழுத்தில் வைத்து அழுத்தினாள். இடம் மாற்றி மாற்றி மறுபடி மறுபடி அழுத்திப் பார்த்தாள். முந்தின மழையில் அதே கரையில் கிடத்தியிருந்தவர்களின் பெயர்களைப் பேரூராட்சிக்காக எழுதியவள் அவள்தான் என்று வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒத்திகை நன்றாக நடக்க வேண்டுமே என்று அத்தை பதறுகிறாள் போலிருக்கிறது என நினைத்தேன். அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் நன்றாகச் செத்துக் காட்டினேன்.