நீர் வண்டும் சாண வண்டும்

தண்டையார்பேட்டை அஜீசுன்னிசா ஒரு கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக உதவியாளர். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் சடையங்குப்பம் குட்டைப் பக்கம் போய் நீர் வண்டும் சாண வண்டும் பிடித்து வருவது அவர் பொறுப்பு. இரண்டையும் மாணவர்கள் ஒப்பிட்டு எழுதவேண்டும். நீர் வண்டின் பின்கால் துடுப்புபோலத் தட்டையாக, ஓரத்தில் மயிரோடு இருக்கும். சாண வண்டின் முன்கால் மண் தோண்டத் தோதாகப் பல் பல்லாக இருக்கும். எட்டாவதோடு நின்றவர்தான், ஆனாலும் இதைப் பாடமே எடுப்பார்.

இந்த வருடம் வெள்ளம் வடிந்து பத்து நாள் கழித்துப் போனார். மேட்டில் எருமைச் சாணத்தைக் கிளறியதும் சாண வண்டுகள் வழக்கம்போலக் கிடைத்தன. குட்டையில் வலைபோட்டுக் கைதான் ஓய்ந்தது, ஒரு நீர் வண்டும் சிக்கவில்லை. கரையோரம் குனிந்து பார்த்தால், நீர் வண்டுகள் கொத்துக் கொத்தாகச் செத்து ஒதுங்கியிருந்தன. தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம்.

பக்கத்தில் பவானி என்ற பெண் தன் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பூச்சிதானே, செத்தால் என்ன என்று கேட்டாள்.

"இது மூச்சு வாங்க மேல வரும்மா. மேல எண்ணெ கீது. மூச்சு முட்டி செத்துகீது" என்றார் அஜீசுன்னிசா. சொல்லும்போதே குழந்தையின் கால்களைப் பார்த்தார். முழங்கால்வரை புண்.

"வெள்ளம் வந்ததுலேர்ந்து குழாய்ல தண்ணி வரலக்கா. வேற எங்க போவ?" என்றாள் பவானி.

இத்தனை வருடம் வந்தும் வண்டைத் தவிர எதையும் பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீரையும் செத்த வண்டுகளையும் பாட்டிலில் அடைத்துக்கொண்டார்.

பாட்டிலைப் பார்த்த துறைத்தலைவர் ஸ்டானிஸ்லாஸ், தேர்வுக்குப் பழைய மாதிரிகள் போதும், வம்பு வேண்டாம் என்றார். அஜீசுன்னிசா மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு, பவானியுடன் போய், குட்டையைச் சோதிக்கவும் தெருவுக்குத் தண்ணீர் விடவும் கேட்டு மாநகராட்சி அதிகாரியிடம் பாட்டிலோடு மனு கொடுத்தார். நீங்கள் யார் என்று கேட்டதற்கு, வண்டு பிடிக்கிறவள் என்றார்.

ஆய்வுக்கு ஆள் வர இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் பெய்த மழையில் படலம் கலைந்துபோயிருந்தது. பாட்டிலைக் கணக்கில் எடுக்காமல், குறையொன்றும் இல்லையென்று எழுதிக்கொண்டு போனார்கள். தெருவுக்குத் தண்ணீர் லாரி மட்டும் வர ஆரம்பித்தது. குழந்தையின் புண் ஆறியது, தழும்பு நின்றுவிட்டது.

போன வாரம் பவானி போன் செய்தாள். குட்டையில் மறுபடியும் எண்ணெய் வாடையாம். அஜீசுன்னிசா இன்னொரு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். துறைத்தலைவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.