அளவில்லாப் பேச்சு

என் தங்கையின் கணவர் பல் செய்கிறவர். பிடுங்குகிறவர் இல்லை, செய்கிறவர். டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். மாப்பிள்ளை அதைப் பார்த்து மெழுகில் செதுக்கி, பீங்கானில் சுட்டு, பக்கத்துப் பல்லோடு சண்டை போடாத ஒரு பல்லைத் திருப்பி அனுப்புவார். அவருடைய மேசை எப்போதும் ஜன்னலோரம்தான் இருக்கும். பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டுமாம். நாம் வெள்ளை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவதில் பதினாறு வகை இருக்கிறதாம்.

அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. என் தங்கைக்கும் அப்படியே. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கல்யாணத்தைக்கூட அவர்களே முடிவு செய்துவிட்டு எங்களுக்குத் தகவல் சொன்னார்கள்.

நானோ வாயால் பிழைக்கிறவன். சலூனில் முதல் நாற்காலி என்னுடையது. கத்தரிக்கோல் பாதி, வாய் பாதி என்று கடல் தாண்டி வந்த இந்த ஊரில் பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். புதிதாக வந்து இறங்குகிற நம் ஆட்கள் பெட்டியை வைத்துவிட்டு நேராக என்னிடம்தான் வருவார்கள். எந்த போன், எந்த இன்டர்நெட், எந்த டிவி என்று கேட்பார்கள். என் பேச்சைக் கேட்டு ஏமாந்தவன் ஒருத்தனைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

அதனால் மாப்பிள்ளைக்கு இங்கே ஒரு பல் கூடத்தில் வேலை கிடைத்து, ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தபோது, மறுநாளே அவரைக் கையோடு போன் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"இவருக்கு எது அதிகமா தேவைப்படும்? பேசுறதா, இன்டர்நெட்டா?"

"பேசுறதுதாம்மா. பொண்டாட்டி ஊர்ல இருக்கு, வயித்துப் பிள்ளைக்காரி. நாளெல்லாம் பேசுவாரு."

சத்தியமாகச் சொல்கிறேன், என் வாயிலிருந்து வந்தது இதேதான். பக்கத்தில் நிற்பவர் காது கேட்காதவர் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாய் முந்திக்கொண்டது. இவ்வளவு பேருக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடமான பதிலை அவருக்கும் ஒப்பித்துவிட்டேன். மாப்பிள்ளை என் தோளைத் தட்டி ஒரு தாளை நீட்டினார். நான்கு வரி எழுதியிருந்தது. "அப்புறம் பாக்கலாம் மாப்ள" என்று அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தச் சட்டை சலவைக்குப் போனது, தாளும் கூடவே போனது.

அவருக்குக் கிடைத்ததைக் கேளுங்கள். ஊருக்கு அளவில்லாமல் பேசலாம். அறையில் மணியடிக்கிற ஒரு போன். இருநூறு சேனலோடு சுவரை அடைக்கிற ஒரு டிவி. அறைக்கு இன்டர்நெட் இணைக்க ஆள் வர இரண்டு மாதம் ஆகும், அதுவரை கைப்போனில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் டேட்டா. இரண்டு வருஷ ஒப்பந்தம். நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் அவர் கையெழுத்துப் போட்டார். மச்சான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார் பாவம். வெளியே வந்ததும், நல்ல வேட்டை என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் தினமும் வேலை முடிந்து சலூனுக்கு வர ஆரம்பித்தார். துண்டு அடுக்கி வைக்கிற அலமாரியோரம் போனைச் சாய்த்து வைத்து, எதிரே நின்று வீடியோவில் என் தங்கையோடு பேசுவார். இரண்டு கையும், புருவமும், தோளும் பேசும். திடீரென்று உடம்பு குலுங்கச் சிரிப்பார். நாற்காலியில் இருப்பவர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன், நன்றாக வேடிக்கை பார்த்தேன். அறையில் இருந்து பேசாமல் இங்கே வந்து ஏன் நிற்கிறார் என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. மச்சான் மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடையைத் திறந்து, முதல் ஆளாக வந்த பஸ் டிரைவருக்குப் பாதித் தலை வெட்டியிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளை வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. காலில் வீட்டுச் செருப்பு. ஓடி வந்திருக்கிறார். அலமாரியோரம் போய்த் தங்கையை அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார், எடுக்கவில்லை.

நான் அம்மாவின் பட்டன் போனுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"டேய், மாப்பிள்ளை எங்கடா? மூணு வாரம் முந்தியே வலி வந்துருச்சுடா! உள்ள கொண்டு போயிட்டாங்க. அவரு போன் படத்துல பேசிட்டே இருந்தாரு, பாதியில படம் அப்படியே நின்னு போச்சு. இனி எதுக்கு இதுன்னு நர்ஸம்மா போனை வாங்கி அணைச்சுட்டாங்க."

"உள்ள எதுக்கும்மா போனு?"

"உனக்கு யாரும் சொல்லலியா? அங்க எல்லாரும் மூஞ்சிய மூடிட்டு நிப்பாங்களே, இவ யாரு வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவா? அதனாலதான் புருஷன் படத்துல கூடவே இருக்கட்டும், பிள்ளை பொறக்குறதையும் பாக்கட்டும்னு டாக்டரே சொன்னாரு. இப்ப ஒத்தையில கெடக்காடா."

மூடிய முகங்களுக்கு நடுவில் என் தங்கை. என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்ல ஒரு முகம் கிடையாது, ஒரு கை கிடையாது. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கையை விரித்தேன். அவர் வாடிக்கையாளர் நோட்டைப் புரட்டி எழுதினார்.

"டேட்டா தீர்ந்துவிட்டது. உங்கள் கடை வைஃபைக்குத்தான் தினமும் வருகிறேன்."

நான் பேனாவைப் பிடுங்கி எழுதினேன். "திட்டத்தை மாற்றியிருக்கலாமே?"

"இரண்டு முறை கடைக்குப் போனேன். மாற்ற வேண்டுமென்றால் நானே போனில் பேச வேண்டுமாம்."

காது கேட்காதவன் போன் போட்டுத் தன் வாயால் சொல்ல வேண்டுமாம், எனக்குக் காது கேட்காது என்று! அந்தக் கடைக்காரர்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினேன். பிறகு, "என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கொஞ்சம் கோபமாகவே எழுதினேன்.

"சொன்னேன். முதல் நாளே. தாளில்."

அதற்குக் கீழே, அன்று எழுதியிருந்ததை வரி பிசகாமல் மறுபடி எழுதினார். "பேச்சு வேண்டாம். டிவி வேண்டாம். படம் மட்டும் வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது."

எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. திட்டுவதற்கு இனிக் கடைக்காரர்கள்கூட மிச்சமில்லை. டிரைவர் பாதித் தலையோடு கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. மாப்பிள்ளையின் கண் என் முகத்தை விட்டு அசையவே இல்லை. தங்கை உயிரோடு இருக்கிறாளா, குழந்தை பிழைத்ததா என்பதெல்லாம் என் முகத்தில்தான் முதலில் தெரியப்போகிறது, அதை அவர் படித்துவிடக் காத்திருக்கிறார். நான் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது போனில் கேட்டது. எங்கோ ஒரு கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, முதலில் இருமல் மாதிரி, அப்புறம் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு அழுகை.

"பொம்பளப் பிள்ளைடா!" அம்மா கத்தினாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்! அவர்கிட்ட சொல்லுடா!"

சொன்னேனே! "மாப்ள, பொண்ணு! பொண்ணு பொறந்துருக்கு!" என்று கடையே அதிரக் கத்தினேன். அவர் என் வாயை உற்றுப் பார்த்தார். என் மீசைக்குள் எந்த உதட்டைப் படிப்பது? புரியவில்லை என்று தலையை ஆட்டினார். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

"அவருக்குத்தான் காது கேக்காதே, ஏங்க இப்படிக் கத்துறீங்க?" என்றார் டிரைவர்.

வாயை மூடினேன். கையைத் தூக்கினேன். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. என் கூடப் பிறந்தவள் முப்பது வருஷமாகப் பேசுகிற பேச்சில் எனக்குத் தெரிந்தது மூன்றே மூன்றுதான். சாப்பிட்டாயா, வா, தூங்கு. இதற்கு மேல் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் நான் அவளுக்கு அண்ணனாக இருந்திருக்கிறேன். அவள் என் வாயைப் படித்துக்கொள்வாள், நமக்கு என்ன கவலை என்று இருந்துவிட்டேன். உனக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று ஒரு தகப்பனுக்குச் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை.

நோட்டில்தான் எழுதினேன். பெண். இருவரும் நலம்.

அவர் படித்தார். அப்படியே துண்டுக் கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பேனாவைக் கேட்டு வாங்கினார்.

"அழுததா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நீங்கள் கேட்டீர்களா?"

கேட்டேன்.

"எப்படி இருந்தது?"

எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் திருப்பி, பேனாவையும் அதன் மேல் வைத்தார். சத்தம் என்றால் என்னவென்றே அறியாதவருக்கு நான் எதை எழுதுவது? பேனாவை எடுத்தேன், வைத்தேன். கண்ணால் பார்த்திருக்க வேண்டியதை என்னால் இழந்துவிட்டு, என் காதில் விழுந்ததையாவது கொடு என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

பேனாவைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். டிரைவர் பார்க்க, கண்ணாடிகள் எல்லாம் பார்க்க, இரண்டு கையையும் இறுக்கி மூடினேன். கண்ணைச் சுருக்கி, வாயைப் பிளந்து, காலை உதறி, உடம்பெல்லாம் நடுங்க, நான் கேட்ட அழுகையை அவருக்கு அழுது காட்டினேன். ஐம்பது வயதுத் தடியன், மீசையும் முன்துணியுமாக.

மாப்பிள்ளை இமைக்காமல் பார்த்தார். பிறகு எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்தார். மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, என் கட்டைவிரலை உள்ளே மடித்து, அதன் மேல் மற்ற விரல்களை மூடினார். இடது கையையும் அப்படியே செய்தார். பிறந்த குழந்தை கையை அப்படித்தான் மூடி வைத்திருக்குமாம். இரண்டடி தள்ளிப் போய் நின்று, மறுபடி என்று தலையசைத்தார்.

நான் மறுபடியும் அழுதேன்.