பட்டி பார்த்த முகம்

மேசையைத் துடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். சுவரையும் அப்படித்தான், பீரோ கதவையும் அப்படித்தான். தெருவில் நிற்கும் கார்களையும் விடமாட்டார்; சொந்தக்காரர் முறைத்த பிறகுதான் கை திரும்பி வரும். "கண்ணு ஏமாத்தும், கை ஏமாத்தாது" என்பார். இடிபட்ட கார்களுக்கு ஒடுக்கு எடுத்து, பள்ளத்தில் பசை பூசித் தேய்த்துப் பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பது அவர் தொழில். அடிபட்ட சுவடே தெரியாமல் செய்துவிடுவதால் பட்டறையில் அவருக்கு 'டச்சப் அண்ணன்' என்றே பெயர்.

மகளுக்குப் பிரசவம் பார்க்க ஆறு மாதம் என்று சொல்லி வெளிநாடு போன மனைவி, பேரன் நடக்கட்டும், பேசட்டும், பள்ளிக்கூடம் போகட்டும் என்று மூன்று வருடமாக அங்கேயே இருக்கிறாள். இவர் ஒற்றைத் தட்டில் சாப்பிட்டு, அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவளுடைய காலி நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்வார். வீட்டில் அவருக்கு வணக்கம் சொல்ல வேறு ஆளில்லை.

அவள் முகத்தை வரைந்து அந்த நாற்காலிக்கு மேலே மாட்டிவிட்டால் சாப்பிடும்போது துணையாக இருக்கும் என்று தோன்றியது. அக்ரிலிக் ஓவிய வகுப்பில் சேர்ந்தார்.

தோல் நிறம் என்று கடையில் விற்கும் ட்யூபையும் கறுப்பையும் டீச்சர் தொடவே விடவில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. இவற்றைக் குழைத்தே எல்லா முகமும் வர வேண்டும். அட்டைத் துண்டுகளில் தீற்றித் தீற்றி, மனைவி விட்டுப்போன ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்ப்பார். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கறுத்துவிடும். "ஈரத்துல சிரிக்கும், காஞ்சா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்" என்று அலுத்துக்கொள்வார். ஆனாலும் நிறம் சேர்ப்பது அவர் சோறு போடும் வித்தை அல்லவா, சீக்கிரமே பிடிபட்டது. வீடியோ காலில் மனைவியிடம் மணிக்கட்டைக் கிட்டே காட்டச் சொல்லி, அட்டைகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எதுக்கு, நாடி பிடிக்கவா?" என்று கேட்டாள் அவள்.

நிறம் வந்தது, ஆள் வரவில்லை. சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். இவருக்கோ அந்தக் கைப்பழக்கமே எமனாக வந்து நின்றது. மேடு பள்ளம் எங்கே கண்டாலும் விரல் தானாகப் போய் வழித்துவிடும். முகம் புதுக் கார் கதவுபோல வழவழவென்று நின்றது. "அண்ணே, மூஞ்சிக்குப் பட்டி பாத்துட்டீங்க" என்றார் டீச்சர். மனைவிக்குப் படமெடுத்து அனுப்பினார். நன்றாக இருக்கிறது, யார் இது என்று பதில் வந்தது. அன்று ரேடியோவைக்கூட அவர் போடவில்லை.

அவளிடம் எதை வழித்துவிட்டோம் என்று யோசித்தபோதுதான் புருவத் தழும்பு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் பீரோ கதவில் இடித்துக்கொண்டது. தூரிகையை எடுத்தார். கை அந்தரத்தில் நின்றது. இடது புருவமா, வலதா?

ஃபோனில் பார்த்தார், அது எல்லா முகத்தையும் மெழுகிக் காட்டுகிற ஃபோன். பீரோவிலிருந்த பழைய படங்களில் ஸ்டுடியோக்காரர் தழும்பையே அழித்திருந்தார். அவரும் ஒரு டச்சப் ஆசாமி. முப்பது வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட முகம். எங்கேயோ பார்த்த ஒரு காரின் நிறம் நினைவிருக்கிறது, இது இல்லை.

வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அதுகூடவா மறந்துபோச்சு?"

இவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"நான் எதிர்ல உக்காந்து சாப்பிடறப்போ, உங்க சோத்துக்கைப் பக்கம்" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "அந்த நாற்காலி அங்கேயேதான் இருக்கா?"

"அங்கேயேதான் இருக்கு."

பேரன் அழும் சத்தம் கேட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

நாற்காலிக்கு எதிரில் தன் இடத்தில் உட்கார்ந்து, சாப்பிடுகிற மாதிரி கையை வைத்துப் பார்த்துப் பக்கத்தை உறுதி செய்துகொண்டார். கத்தி முனையால் பெயின்டைக் கெட்டியாக அள்ளிப் புருவத்தில் ஒரு கீற்று வைத்தார். டிரையர் போட்டுக் காயவைத்தார். பிறகு வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு தடவினார். நெற்றி வழுக்கிக்கொண்டு போனது. புருவத்தில் விரல் தட்டியது. மற்றொரு கை, மேடு தேய்க்க எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் உப்புத்தாளை அதுபாட்டுக்கு வெளியே எடுத்திருந்தது. அதை மடித்துப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தார். கண்ணைத் திறக்காமல், கட்டைவிரலை அந்தத் தழும்பின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.