நிழலுக்குள்ள வச்ச கத்திரி

எனக்குத் தெரிஞ்ச வெள்ளாமை ஒன்னே ஒன்னு, ஏலம். மலையில தோட்டக்காரங்க குடுத்த லயத்து வீட்டுல பொறந்து, ஏலத்தோட்டத்துல வளந்து, அங்கயே வாக்கப்பட்டவ நான். கத்திரிக்காயும் வெண்டைக்காயும் கீழ போடி டவுன்ல இருந்து ஜீப்புல ஏறி வரும். அது செடியில எப்படித் தொங்கும்னு நான் பார்த்ததே இல்லைன்னு சொன்னாச் சிரிப்பீங்க. சிரிங்க, பரவாயில்ல.

எழுபதுகள் முடியப் போற சமயம். நிழல் மரத்துல கிளை வெட்டப் போன என் வீட்டுக்காரர் விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. வேலைக்கு ஆகாத ஆளுக்கு லயத்துல வீடு ஏது? மூணு பிள்ளைகளோட மலையை விட்டு இறங்கிட்டோம். போடிக்கு மேற்கே அடிவாரத்துல அவரோட அக்கா, எனக்கு மதினி, ஒத்த அறை வீடு குடுத்தாங்க. கூடவே ஒரு யோசனையும் குடுத்தாங்க.

"மூத்தவளைக் காய் பொறுக்க அனுப்பு. என்கூடவே கூட்டிட்டுப் போறேன். பொட்டப்புள்ள அஞ்சாப்பு வரைக்கும் வந்ததே பெருசு."

ஏலக்காயைக் காம்பு கிள்ளி, பருத்தது சிறுத்ததுன்னு பிரிக்கிற கூடம் போடியில நெறைய. அங்க பத்து வயசுப் பிள்ளைக நெறைய உக்காந்திருந்தது நெசம். ஆனா என் பிள்ளை படிக்கிற பிள்ளை. எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுத்ததே அவதான். "தீபாவளி வரைக்கும் பொறுங்க மதினி. வீட்டுக்குப் பின்னாடி காய்கறி போட்டு நாங்க பொழச்சுக்கிறோம்"னு வீராப்பாச் சொல்லிட்டேன். மழை இல்லாத வருஷம். கூலி வேலையும் இல்ல. வேற எதைச் சொல்றது?

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு ஊரே சொல்லுதே, நாங்களும் கத்திரியும் வெண்டையும் விதைச்சோம். மூத்தவ கொத்தினா, ஆறு வயசுப் பய கல்லுப் பொறுக்கினான், மூணு வயசுச் சின்னது வெண்டை விதையை எடுத்து வாயில போட்டுக்கிச்சு. தெருக்குழாயில இருந்து தண்ணியைச் செம்புலயும் வாளியிலயும் ஆளுக்குக் கொஞ்சமாத் தூக்கினோம்.

முளைச்ச அன்னிக்கே எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. போடி வெயிலு! மலையில வெயில் நேராப் பட்டா ஏலச்செடி கருகிரும். நிழல் இல்லேன்னா ஏலம் இல்ல, அதுதான் எங்களுக்கு வேதம். தோப்புக்காரங்ககிட்ட தென்னங்கீத்துக் கெஞ்சி வாங்கி, பிள்ளைகளை வச்சே இழுத்துட்டு வந்து, பாத்தி முழுக்கப் பந்தல் போட்டேன். பயலுக்குக் கை தோலு உரிஞ்சு போச்சு. "அழாதடா, செடி பொழைக்கணும்ல"ன்னு ஊதி விட்டேன்.

செடி வளந்துச்சு பாருங்க, மளமளன்னு! என் இடுப்புக்கு வந்துருச்சு. தெருவுல போறவங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆவணி போச்சு. புரட்டாசியும் வந்துருச்சு. இலைதான் இருக்கு, ஒரு பூவைக் காணோம். விடிஞ்சதும் பந்தலுக்குள்ள தவழ்ந்து போயி ஒவ்வொரு கொப்பாத் தூக்கிப் பார்ப்பேன். சாம்பலைப் போட்டேன், ஆட்டுப் புழுக்கையைப் போட்டேன், குலசாமிக்குக் காசு முடிஞ்சு வச்சேன். அடுப்புல கஞ்சி தண்ணியாகிக்கிட்டே போச்சு.

மூத்தவ ஒரு நாள் மெதுவாச் சொன்னா. "அம்மா, செடி வெயில்லதான் சோறு ஆக்குமாம். எங்க டீச்சர் சொன்னாங்க. கீத்தை எடுத்துருவமா?"

"வாயை மூடுடி. உங்க டீச்சரு ஏலம் நட்டிருக்காளா?"

ரெண்டு நாள் கழிச்சு விறகு பொறுக்கிட்டு வர்றேன், ஒரு மூலையில கீத்தைக் காணோம். நாலு கத்திரிச்செடி வெயில்ல துவண்டு கெடக்கு. அவதான் பிரிச்சிருக்கா. எனக்கு வந்த ஆத்திரத்துல கையில கெடச்ச மட்டையாலயே வெளுத்துட்டேன். கெண்டைக்கால்ல தடிப்புத் தடிப்பா எழும்பிருச்சு. அவளைப் பள்ளிக்கூடத்துல வைக்கத்தான் இத்தனை பாடும், அவளே கெடுக்குறாளேன்னு நெனச்சேன். பாவி நான். அவ அழுதுக்கிட்டே, "அந்த நாலு செடியை மட்டும் அப்படியே விடும்மா"ன்னா. "கருகட்டும், அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்"னு விட்டேன்.

கருகல. நாலஞ்சு நாள் தலை தொங்கிக் கெடந்துச்சு, அப்புறம் நிமிந்துருச்சு. ஐப்பசி பொறந்து கொஞ்ச நாள்ல அந்த நாலுல மட்டும் ஊதாப்பூ. நான் அங்கயே மண்ணுல உக்காந்துட்டேன். அப்புறம் வெறி புடிச்சவ கணக்கா மத்த கீத்தையெல்லாம் பிச்சு எறிஞ்சேன். அதுக்குள்ள தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருந்துச்சு.

தீபாவளிக்கு மறுநாள் மதினி வந்தாங்க. கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போயிப் பூவைக் காட்டினேன். இன்னும் கொஞ்ச நாள், கொஞ்சமே கொஞ்ச நாள்னேன்.

"பூவைக் குழம்பு வைக்க முடியுமா?"ன்னாங்க. கெட்ட மனுசி இல்ல அவங்க. எங்க வீட்டுப் பானையை எட்டிப் பார்த்துட்டுத்தான் கேட்டாங்க. மூத்தவ தன் பள்ளிக்கூடப் பையைத் தம்பி தோள்ல மாட்டி விட்டுட்டு மதினி பின்னாடி போனா.

மார்கழியில காய் எடுத்தோம். கூடை கூடையா! தின்னது போக சந்தைக்கும் போச்சு. பொங்கல் கழிஞ்சதும், இனி என்ன, கூட்டிட்டு வந்துருவோம்னு பஸ்சு ஏறிக் கூடத்துக்கே போனேன். பொம்பளைகளுக்கு நடுவுல உக்காந்திருந்தா. விரலு என்ன வேகம்!

"வா ஆத்தா, பள்ளிக்கூடம் போகலாம். இனிமே இந்தச் சோலி வேணாம்."

"பேரை அடிச்சுட்டாங்கம்மா. என்கூடப் படிச்சதுக எல்லாம் மேல போயிரும். நான் சின்னப் பிள்ளைகளோட உக்காரணும். வரலம்மா, தம்பியப் படிக்க வை." தட்டுல இருந்து கண்ணை எடுக்கவே இல்ல.

தரதரன்னு இழுத்துட்டாவது வந்திருக்கணும். பெத்தவதானே நான், அடிக்கத் தெரிஞ்சவதானே. ஆனா அதுக்குள்ள அவ கூலியில அரிசி வாங்கிப் பழகிப்போச்சு வீடு. ரெண்டாந்தரம் கூப்பிடாமத் திரும்பி வந்துட்டேன்.